லோடு என்ன கண்ணு?

ஆர்சி கார் (அதாங்க, ரேடியோ கன்ட்ரோல் கார்) பைத்தியங்கள் ரெண்டு பேர் சந்திச்சா, சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடி "உன் மோட்டார் எத்தனை கேவி?"ன்னுதான் கேட்டுக்குவாங்க. 3000-ன்னு சொன்னா ஒரு பார்வை. 5000-ன்னு சொன்னா தனி மரியாதை. பைக்குக்கு சிசி மாதிரி, போனுக்கு மெகாபிக்சல் மாதிரி, இந்த உலகத்துக்கு ஒரு நம்பர்.

அந்த நம்பரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கார் பொம்மையில ஆர்வம் இல்லாதவங்களும் படிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

விஷயம் இதுதான். எங்க அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். என் நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய தமியா டிடி-02 காரை அவனுக்குக் கொடுத்துட்டார். நிஜக்காரில் பத்தில் ஒரு பங்கு சைஸ், நாலு சக்கரமும் இழுக்கும். அதுல இருந்தது சாதா பிரஷ் மோட்டார். பயலுக்கு பிரஷ்லெஸ் போடணும். ரெண்டு வருஷமா பொங்கல் காசு, தீபாவளி காசு, சீர் வரிசையில தாய்மாமன் (அடியேன்தான்) கொடுத்ததுன்னு சேத்து வச்சு 7500 ரூபாய் தேத்தியிருந்தான். அக்கா கறாரா சொல்லிட்டா: "இதோட சரி. இதுவும் புகைஞ்சு போச்சுன்னா இனிமே கார் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது."

ஆக ஒரே வாய்ப்பு. பயல் கண்ணு வச்சிருந்தது 3900 கேவி மோட்டார், 3 செல் பேட்டரி. ஏன்னா பட்ஜெட்டுக்குள்ள கிடைக்கிறதுல அதுதான் பெரிய நம்பர்.

இங்கதான் எங்கப்பா உள்ள வர்றார். கோவை கணபதியில 34 வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வச்சிருந்தவர். பம்புசெட்டு, கிரைண்டர், மில் மோட்டார்னு அவர் கையில பிரிச்சுக் கட்டாதது கம்மி. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மோட்டார் செஞ்ச ஊரு, அதுதான் இந்தியாவுல செஞ்ச முதல் மின்மோட்டார்னு பெருமையாச் சொல்லுவார். 2019-ல கடையை மூடினதுல இருந்து பேச்சு குறைஞ்சு போச்சு. பேரனுக்கு அப்புச்சின்னா பேப்பர் படிக்கிறவர், அவ்வளவுதான்.

"அப்புச்சி, 3900 கேவிங்க"ன்னு பயல் சொன்னதும் அப்பா பேப்பரை மடிச்சு வச்சுட்டார். "3900 கேவியா? நம்ம ஊருக்கு வர்ற லைனே 11 கேவிதான் கண்ணு. அதைத் தொட்டாலே பஸ்பம்!"

விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் விளக்கினேன். இது கிலோவோல்ட் இல்லை. லோடு இல்லாம ஓடுறப்போ ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்ங்கிற கணக்கு. 3900 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தா 28,860 சுத்து.

"அப்படின்னா இது வேகக் கணக்கு. பலத்துக்கு என்ன கணக்கு? லோடு என்ன கண்ணு?"ன்னார். பையன் முழிச்சான். அந்தக் கேள்விதாங்க மொத்தப் பதிவும்.

அப்பா ஒரு காகிதத்துல ஸ்டேட்டரை வரைஞ்சார். உள்ள சுத்துறது நிரந்தரக் காந்தம், வெளிய அசையாம இருக்கிறது செம்புக் காயில், மூணு ஒயர். இப்ப வீட்டுக்கு வீடு வந்துட்ட பிஎல்டிசி ஃபேனும் இதே சங்கதிதான், அதுல மட்டும் காந்தம் வெளிய சுத்தும். காயில்ல சுத்தைப் பாதியாக் குறைச்சா கேவி ரெண்டு மடங்கு ஆகும். ஆனா அதே ஸ்லாட், அதே எடை செம்பு. சுத்து குறைஞ்சதுக்கு ஒயர் தடியாகும், கரண்ட் அதிகமா இழுக்கும். அதே இழுவையைக் கொடுக்க 3000 கேவி மோட்டார் 30 ஆம்பியர் எடுத்தா, 3900 கேவி மோட்டார் 39 ஆம்பியர் எடுக்கும். காயிலை ஸ்டார்ல இருந்து டெல்டாவுக்கு மாத்தினாலே அதே மோட்டார் 1.73 மடங்கு கேவி காட்டும். செம்பும் கூடல, காந்தமும் கூடல. நம்பர் மட்டும் கூடும்.

பலம் எங்க இருக்குன்னா, சைஸ்ல. மோட்டார் மேல 3650-ன்னு போட்டிருந்தா 36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். பத்துல ஒண்ணு காருக்கு இது சரி. எட்டுல ஒண்ணு காருக்கு 3674, 4268 மாதிரி பெருசு வேணும். முதல்ல காரோட எடைக்கு சைஸ், அப்புறம் பேட்டரி வோல்ட், அப்புறம் பல் சக்கரம், கடைசியாத்தான் கேவி. நாமெல்லாம் கடைசியில இருந்து ஆரம்பிக்கிறோம்.

அப்புறம் வேகக் கணக்கு போட்டோம். இந்தக் காருல மோட்டார் பினியன் 22 பல், ஸ்பர் 70 பல், உள்ள இன்னொரு 2.6. மொத்தம் 8.27. மோட்டார் 8.27 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. சக்கரம் ஒரு சுத்துக்கு சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். நஷ்டமே இல்லைன்னு வச்சுக்கிட்டா:

3900 கேவி, 3 செல் (11.1 வோல்ட்): மணிக்கு 63 கிலோமீட்டர்.
3900 கேவி, 2 செல் (7.4 வோல்ட்): 42 கிலோமீட்டர்.
3000 கேவி, 2 செல்: 32 கிலோமீட்டர்.

63-ஐப் பாத்ததும் பயல் கண்ணு மின்னுச்சு. அப்பா கேட்டார்: "எங்க ஓட்டுவே?" வீட்டு முன்னாடி சந்துல. "அது எவ்வளவு நீளம்?" ரெண்டு பேரும் போய் டேப் புடிச்சு அளந்துட்டு வந்தாங்க. 40 மீட்டர். 63 கிலோமீட்டர் வேகத்துல அது 2.3 செகண்டுல முடிஞ்சுரும். அந்தச் சந்துல பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வாசலுக்கு வரும். அப்பாவே சாயங்காலம் குச்சி ஊனி நடப்பார். ஒன்றரை கிலோ கார். வேகம் ரெண்டு மடங்கானா மோதுற சக்தி நாலு மடங்கு. இதை நான் சொன்னா பயல் கேட்டிருக்க மாட்டான். அவனே அளந்த 40 மீட்டர் சொல்லிச்சு.

கடைசியில வாங்கினது 3650 சைஸ், 3000 கேவி, 60 ஆம்பியர் ஈஎஸ்சி, 2 செல் லைப்போ. மிச்சக் காசுல மூணு உருப்படியான சாமான்: பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலா பால் பேரிங், இரும்புப் பினியன், செல்லைத் தனித்தனியாச் சமன் பண்ணி ஏத்துற சார்ஜர். பேரிங் மாத்தினதும் சக்கரத்தைக் கையால சுத்திப் பாத்துட்டு அப்பா சொன்னது: "இப்பத்தான் லோடு குறைஞ்சுது."

செட்டிங் பண்ணினதைச் சுருக்கமா சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

1. காரை ஸ்டாண்டு மேல வச்சு, ஈஎஸ்சிக்கு ரிமோட்டோட நியூட்ரல், முழு முறுக்கு, முழு பிரேக் மூணையும் சொல்லிக் கொடுக்கணும்.

2. பேட்டரி வகை லைப்போன்னு வைக்கணும். செல்லுக்கு 3.2 வோல்ட் வந்ததும் கார் நிக்கணும். 3-க்குக் கீழ போச்சுன்னா செல் கெட்டுப்போகும்.

3. மோட்டார் தலைகீழா சுத்தினா மூணு ஒயர்ல எந்த ரெண்டையாவது மாத்திப் போட்டாப் போதும். (பம்புசெட்டுக்கும் அதேதான். இதை ஈஎஸ்சி புத்தகத்தைத் திறக்காமலே அப்பா செஞ்சுட்டார்!) சென்சார் உள்ள மோட்டாருக்கு மட்டும் இதைச் செய்யக்கூடாது. அங்க ஏ, பி, சி வரிசை மாறக்கூடாது.

4. எங்களோடது சென்சார் இல்லாதது. நின்ன இடத்துல காந்தம் எந்தப் பக்கம் இருக்குன்னு ஈஎஸ்சிக்குத் தெரியாது. அதனால கிளம்பறப்போ லேசா உதறும். பஞ்ச் செட்டிங்கைக் குறைச்சு வச்சு, மெதுவா முறுக்கினா சரியாயிரும்.

5. டைமிங் இருக்கிறதிலேயே கம்மியா வச்சு ஆரம்பிக்கணும். ஏத்தினா வேகம் கூடும், கூடவே சூடும்.

6. மோட்டாரை நகர்த்தி மாட்டுற கார்கள்ல, ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு துண்டுக் காகிதம் வச்சு அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கிட்டு காகிதத்தை உருவணும். அந்த இடைவெளி போதும்.

7. லைப்போ சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்துல இருக்கணும். இரும்புப் பெட்டியில வச்சு, மெத்தை, திரைச்சீலை எதுவும் கிட்ட இல்லாம. தூங்கப் போறப்போ சார்ஜ் போடுறது கிடையவே கிடையாது. இதுல மட்டும் அக்காவுக்கு முழு அதிகாரம்.

மத்ததெல்லாம் சூடு சொல்லும். சின்ன மோட்டாருக்குள்ள இருக்கிற நியோடிமியம் காந்தம் சூடு தாங்காம பலம் இழந்தா, ஆறினாலும் முழுசாத் திரும்ப வராது. 75, 80 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது. நம்ம ஊரு ஏப்ரல் மதியத்துல காத்தே 37 டிகிரியில இருக்கு, அதையும் கணக்குல சேக்கணும். 5 நிமிஷம் ஓட்டிட்டு வெப்பமானித் துப்பாக்கியால பாத்தோம். 52 டிகிரி. அப்பா விரலை வச்சுப் பாத்துட்டு "அம்பது, அம்பத்தஞ்சு"ன்னார். துப்பாக்கியை விட அவர் விரலைத்தான் பயல் ஆச்சரியமாப் பாத்தான்.

அடுத்த வாரம் பினியனை 24 பல்லுக்கு மாத்தினான். 7.58. வேகம் 35-க்கு வந்துச்சு, சூடு 59. "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும், எழுதி வைக்கணும்"ங்கிறது அப்பாவோட கண்டிஷன். கடையில இருந்த பழைய வைண்டிங் நோட்டு ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. குதிரைசக்தி, சுத்து, ஒயர் கேஜ்னு அப்பா கையெழுத்துல பாதி நிரம்பினது. மீதிப் பக்கத்துல இப்ப பேரன் எழுதறான்: தேதி, பினியன், நிமிஷம், டிகிரி.

போன வாரம் அவன் கூட்டாளி ஒருத்தன் வந்து, "டேய், உன் கார் எத்தனை கேவி?"ன்னு கேட்டான். நம்மாளு ரொம்ப தோரணையாக் கேட்டானே ஒரு கேள்வி: "அது இருக்கட்டும். உன் காருக்கு லோடு என்ன?"

கேட்ட பையன் முழிச்சான். அப்பா பேப்பருக்குப் பின்னாடி சிரிச்சது எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது.