சங்ககிரி ஏற ‘நாள்’ பார்த்தாச்சா?

சேலத்துல இருந்து ஈரோடு பக்கம் போறப்ப, பஸ் ஜன்னல் வழியா ஒரு மலை கொஞ்ச நேரம் கூடவே வர்றதைப் பார்த்திருப்பீங்க. மதில் சுத்தின மலை. அதுதான் சங்ககிரி துர்க்கம். கீழே ஊர் முழுக்க லாரிகளும் பாடி கட்டுற பட்டறைகளும். மேலே கோட்டை. விஜயநகரம், திப்பு சுல்தான், கம்பெனிக்காரங்கன்னு மூணு ராஜ்ஜியத்தைப் பார்த்த கல்லு. 1805 ஜூலை 31ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்டது இங்கேதான். ஆடி 18 வந்தா இன்னிக்கும் அவருக்கு மரியாதை செலுத்த கூட்டம் கூடுது.

சுத்துவட்டார காலேஜ் பசங்களுக்கு இது சூப்பர் ஒன் டே டூர். கிளாஸ்ல தேதி சொன்னதும் எல்லாரும் ‘ஓ’ போடுவாங்க. ஒரு பொண்ணு மட்டும் விரலை மடக்கி எண்ணிட்டு இருப்பா. அப்புறம் பக்கத்துல இருக்கறவ காதுல, ‘எனக்கு அந்த வாரம்தான் டேட்டுடி. மாத்திரை போட்டுக்கட்டுமா?’

இந்தப் பக்கம் அந்தப் பொண்ணுக்கு. பசங்களும் படிக்கலாம். டூர் தேதியை முடிவு பண்றதே பாதி நேரம் நீங்கதானே!

மாத்திரை என்ன பண்ணுது?

சங்ககிரியில இருந்து சுமார் 10 கிலோமீட்டர்ல திருச்செங்கோடு. பாதி ஆண், பாதி பெண்ணா அர்த்தநாரீஸ்வரர் இருக்கிற மலை. டூர் லிஸ்ட்டுல அதையும் சேர்த்துடுவாங்க. கோயில்னு வந்ததும் மாத்திரைப் பேச்சும் வந்துடும்.

தள்ளிப்போட வழக்கமா கொடுக்கிறது நார்எத்திஸ்டிரோன். உடம்புல புரோஜெஸ்டிரோன் அளவு குறையறப்பதான் கர்ப்பப்பையோட உள்படலம் கழண்டு ரத்தமா வெளியேறுது. இந்த மாத்திரை அதே வேலையைச் செய்யற ஹார்மோன். சாப்பிடற வரைக்கும் படலம் நிக்கும். நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல வந்துடும். டாக்டர் பார்த்துக் கொடுத்தா பிரச்னையில்ல. ஆனா ரத்தம் உறையற பிரச்னை, கல்லீரல் கோளாறு இருக்கறவங்களுக்கு இது ஆபத்து. அதனால ரூம்மேட் பெட்டியில மிச்சமிருக்கிற அட்டையைக் கடன் வாங்காதீங்க. கோயிலுக்குள்ள போறதும் போகாததும் உங்க நம்பிக்கை. அதுக்காக உடம்போட தேதியை மாத்தறதைவிட டூர் தேதியை ஒரு வாரம் தள்ளறது ரொம்ப ஈஸி.

உடம்போட கணக்கை வேற யாரோ முடிவு பண்ணினா என்ன ஆகும்? 2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஜவுளி ஆலைகள்ல வேலை பார்க்கிற சுமார் 100 பெண்கள்கிட்ட பேசினாங்க. மாதவிலக்கு வலின்னு சொன்னா லீவு கிடையாது, பேர்கூட இல்லாத மாத்திரை கையில கிடைச்சதுன்னு அவங்க சொன்னாங்க. வேலை நேரம் வீணாகக் கூடாதாம்! அந்தப் பெண்கள்ல பல பேர் உங்க வயசுதான்.

டிரிப் ஷீட் போடுங்க

சங்ககிரி லாரிக்காரங்ககிட்ட ஒரு நல்ல பழக்கம். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு, எப்ப ஆயில் மாத்தினோம், எங்க மக்கர் பண்ணிச்சு... எல்லாம் குறிப்புல இருக்கும். நம்ம உடம்புக்கும் அப்படி ஒண்ணு வேணாமா?

ஒரு சின்ன நோட்டு போதும். ரத்தம் வர்ற முதல் நாள்தான் நம்பர் 1. அடுத்த தடவை வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணுங்க. அதுதான் உங்க சுழற்சி. 21ல இருந்து 35 நாள் வரைக்கும் சகஜம். எல்லாருக்கும் 28னு யாரும் சட்டம் போடல. கூடவே தூக்கம், வலி, பசி, மூடு... ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க. மூணு மாசத்துல உங்க உடம்போட டைம்டேபிள் கையில!

முதல் ரெண்டு மூணு நாள் புரோஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனம் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். வயித்துவலிக்கு அதுதான் காரணம். அப்புறம் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, நிறைய பேருக்குச் சுறுசுறுப்பு தெரியும். அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடி கருமுட்டை வெளியாகும். அதுக்கப்புறம் உடம்புச் சூடு அரை டிகிரி செல்சியஸுக்குள்ள கொஞ்சம் ஏறும். சித்திரை வெயில்ல சங்ககிரிப் பாறை மேல நின்னா, அந்தக் கொஞ்சமும் கூட கனமா தெரியலாம்.

அப்போ ‘அந்த’ நாள்ல மலை ஏறக் கூடாதா? தாராளமா ஏறலாம். இதுபத்தின ஆய்வுகளை 2020ல தொகுத்துப் பார்த்தாங்க. ஆரம்ப நாட்கள்ல உடல் திறன் குறையறது சராசரியா ரொம்ப ரொம்பக் கம்மி, அதுவும் ஆளுக்கு ஆள் மாறுதுன்னுதான் முடிவு. மெதுவா நடக்கிறது சில பேருக்கு வலியைக்கூட குறைக்கும். ‘இந்த வாரம் இந்த விதை சாப்பிடு, அந்த வாரம் அந்த எக்சர்சைஸ்’னு வர்ற ரீல்ஸுக்கு இன்னும் பலமான ஆதாரம் இல்ல. உங்க நோட்டு சொல்றதை நம்புங்க. முடியலைன்னா ரெண்டாவது வாசல்ல உட்கார்ந்து ஊரை வேடிக்கை பாருங்க. கோட்டை எங்கேயும் ஓடிடாது.

பை கட்டறப்ப

• மேலே கழிப்பறை, தண்ணி கிடைக்கும்னு நம்பி ஏறாதீங்க. கீழேயே பேட் மாத்திட்டுக் கிளம்புங்க. நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.
• மாத்தினதைப் பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டுக் கீழே கொண்டு வந்துடுங்க. தொல்லியல் துறை பாதுகாக்கிற கோட்டை அது.
• காலையில வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க. சாப்பிட்டுட்டு ஏறுங்க.

நாலு படிக்கே மூச்சு வாங்குதா? ‘எனக்கு ஸ்டாமினா இல்ல’ன்னு விட்டுடாதீங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரையிலான பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பேட் ஒரு மணி நேரத்துலயே நனையுது, ஏழு நாளுக்கு மேல நீளுது, மூணு மாசமா வரவே இல்ல, வலியால ஒவ்வொரு மாசமும் காலேஜ் கட்... இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. அப்ப அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. பாதி கேள்விக்குப் பதில் அதுல இருக்கும்.

நம்ம ஊர்ல இதுக்கு ‘வீட்டுக்குத் தூரம்’னு ஒரு பேர். தள்ளி உட்கார வெச்சதால வந்த பேர். ஆனா 2023 ஜனவரியில கொச்சி பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு அட்டெண்டன்ஸ்ல 2 சதவீதம் சலுகை கொடுத்தது. கேட்டது மாணவர்கள்தான். ஒரு யுனிவர்சிட்டி ரூலையே மாத்த முடியும்னா, ஒரு டூர் தேதியை மாத்த முடியாதா?

கிளாஸ் ரெப்புகளே, அடுத்த தடவை ஒரே தேதியை அறிவிக்காம மூணு தேதியைச் சீட்டுல எழுதிச் சுத்துக்கு விடுங்க. பிடிச்சதை டிக் பண்ணட்டும். ஏன்னு காரணம் கேட்காதீங்க. அவ்ளோதான் மேட்டர்!