விக்ரோலி மொட்டை மாடியில் வியாழன்

மும்பை விக்ரோலிக்கு நட்சத்திரம் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. கன்னம்வார் நகரின் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே விரைவு நெடுஞ்சாலையின் விளக்கு வரிசை, தெற்கே காட்கோபர் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிறங்கும் விமானங்கள், கிழக்கே கழிமுகத்துக்கு அப்பால் நவி மும்பையின் வெளிச்சம். நடுவில் அலையாத்திக் காடு இருக்கும் பட்டை மட்டும்தான் இருட்டு. மேலே கண்ணில் படுபவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்கள்தான். இந்த வானத்தை வைத்துக்கொண்டுதான் நண்பர் படமெடுக்கிறார்.

நான் போனது பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, 2026 ஜனவரி 10. தேதியைத் தேர்ந்தது அவர். அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். சூரியன் மறையும்போது எழுந்து இரவு முழுக்க வானில் இருக்கும். பூமிக்குப் பக்கத்தில் வருவதும் இந்த நாட்களில்தான். பக்கம் என்றால் 63 கோடி கிலோமீட்டர். அங்கிருந்து ஒளி வந்து சேரவே 35 நிமிடம் ஆகும்.

தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை அவர். வைத்திருப்பது எட்டு அங்குலக் கண்ணாடி பொருத்திய டாப்சோனியன் தொலைநோக்கி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. குழாயை ஒரு நடை, அடிப்பெட்டியை ஒரு நடை எனச் சுமந்து ஏற்ற வேண்டும்.

"ஏழு மணிக்கே மேல கொண்டாந்து வச்சிட்டேன் அண்ணாச்சி. வீட்டுச் சூடு கண்ணாடியில இருக்குற வரைக்கும் படம் நிக்காது, நடுங்கும்."

எட்டு மணிக்கு முதலில் சனியைக் காட்டினார். எனக்கு ஏமாற்றம்தான். புத்தகத்தில் பார்த்த அகன்ற வளையம் இல்லை. உருண்டையின் இரு பக்கமும் ஊசி செருகியது போல ஒரு கோடு. 2025 மார்ச்சில் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. அன்றும் வளையத்தைக் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்தே பார்த்தோம். வரும் ஆண்டுகளில் மெல்ல விரியும்.

துணி எடுக்க மேலே வந்த பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்: "குரு வக்ரத்துல இருக்காராமே, தெரியுதா?"

"தெரியுது ஆச்சி. புனர்பூசத்துக்குப் பக்கத்துலதான் பின்னாடி போறாரு. நம்ம பூமி அவரைத் தாண்டிப் போறதால அப்படித் தோணுது." புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களையும் விரலால் காட்டினார். ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

பத்து மணி வாக்கில் வியாழன் நல்ல உயரத்துக்கு வந்ததும் வேலை தொடங்கியது. கண் வைக்கும் இடத்தில் பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸும் சிறிய கேமராவும். அதிலிருந்து கம்பி மடிக்கணினிக்கு. திரையில் வியாழன் தெரிந்தது. இரண்டு பழுப்புப் பட்டைகள், ஓரத்தில் நிலவுப் புள்ளிகள். மோட்டார் இல்லாத தொலைநோக்கி என்பதால் அரை நிமிடத்துக்குள் கோள் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடுகிறது. குழாயை மெல்லத் தள்ளி மறுபடி பிடிக்கிறார், அது மறுபடி ஓடுகிறது.

எடுப்பது வீடியோதான். நொடிக்கு நூறு படத்துக்கு மேல். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை தன்னைச் சுற்றிவிடுவதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் மேகக்கோடுகள் கலங்கிவிடும். கிடைக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் காற்று அசையாத கணத்தில் விழுந்தவற்றை ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். மீதி எல்லாம் குப்பைக்கு. அடுக்கிய படத்தை ரெஜிஸ்டாக்ஸில் போட்டுக் கூர்மையாக்கினார். என் கண்ணெதிரே மங்கலான உருண்டையில் பட்டைகளின் ஓரச் சுருள்கள் எழுந்தன.

இது உண்மையா, ஒப்பனையா என்று கேட்டேன். "இந்த அளவுவரைக்கும் உண்மை. இன்னும் இழுத்தா வியாழன்ல இல்லாத கோடும் வரும்" என்று நிறுத்திக்கொண்டார். சுற்றுக்கு வரும் பல படங்களில் இந்த நிதானம் இருப்பதில்லை என்பது என் எண்ணம்.

நான் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. நகர வெளிச்சம் கோள்களை ஒன்றும் செய்வதில்லை. அவற்றுக்கு அவ்வளவு பிரகாசம். கெடுப்பது காற்றின் அசைவு. காற்றே வீசாத, புகைமூட்டம் படிந்த மும்பைக் குளிர்கால இரவு நட்சத்திரங்களை விழுங்கிவிட்டாலும் வியாழனுக்குத் தோதாக அமைவதுண்டு. போதாததற்கு மும்பை 19 பாகை அட்சரேகையில் இருக்கிறது. அன்று நள்ளிரவு தாண்டி வியாழன் ஏறக்குறைய நேர் உச்சிக்கே வந்தது. உச்சியில் இருந்தால் ஒளி கடக்க வேண்டிய காற்று குறைவு. லண்டன்காரருக்கு இது வாய்க்காது. 2006 பிப்ரவரியில் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாகிவிட்டதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் கிறிஸ்டோபர் கோ. அவரும் அமெச்சூர்தான், ஊர் பிலிப்பைன்ஸின் செபு, அதுவும் வெப்பமண்டல நகரம். (உச்சிக்கு வந்த கோளை டாப்சோனியனில் பின்தொடர்வது மட்டும் பெரும்பாடு, குழாய் திரும்ப மறுக்கிறது.)

விண்மீன் மண்டலங்களின் கதை வேறு. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடாவின் மெல்லிய ஒளி விக்ரோலி வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை வடிகட்டியால் ஓரளவு தடுக்கலாம். இப்போதைய வெள்ளை எல்இடியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அதற்கு வழியில்லை. ஓரியன் நெபுலா போல ஹைட்ரஜன் சிவப்பில் ஒளிர்பவற்றைக் குறுகிய அலைவரிசை வடிகட்டி போட்டு மாடியிலிருந்தே பிடிக்கலாம். மண்டலங்களுக்கு அமாவாசையை ஒட்டி கர்ஜத் ரயிலேறி, பத்லாப்பூர் தாண்டி வாங்கணியில் இறங்க வேண்டும். இன்னும் நல்ல இருட்டு கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்திலேயே பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கிறது. 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வான் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்றது.

தொலைநோக்கி வாங்கும் ஆசை வந்தால் கடைக்குப் போகுமுன் ககோல் மண்டல் என்ற வானியல் ஆர்வலர் அமைப்பினர் வாங்கணியில் நடத்தும் இரவு நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய் வாருங்கள். ஜூனுக்கு முன்பே போய்விடுங்கள். மழை பிடித்துவிட்டால் செப்டம்பர் முடியும்வரை மும்பையில் வானம் கிடைக்காது.