கான் சாகிபுக்கு எத்தனை மேலதிகாரி?

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிடுவார்கள். நாயக்கர் மகால் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். தெப்பக்குளத்தைப் பார்க்க எங்கள் வண்டியூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. ஊருக்கு மேற்கே, சம்மட்டிபுரம் தர்காவுக்கு மட்டும் யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. மதுரையையே கட்டி ஆண்ட ஓர் அதிகாரி அங்கேதான் உறங்குகிறார்.

பெயர் யூசுப் கான். ஊர்க்காரர்களுக்கு கான் சாகிப். 'மருதநாயகம்' என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 1997-ல் கமல்ஹாசன் ஆரம்பித்து, இங்கிலாந்து ராணியே துவக்க விழாவுக்கு வந்து, பிறகு பாதியில் நின்றுபோன படம். ஆசாமியின் சர்வீஸும் பாதியில் நின்றதுதான்!

ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்தவர். சிப்பாயாகச் சேர்ந்து கிடுகிடுவென்று மேலே வந்தார். 1756-ல் வரி வசூலிக்கக் கம்பெனிக்காரர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். 1758 கடைசியில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை வளைத்தபோது 'உடனே வா' என்று அழைப்பு. போய், எதிரியைத் தூங்கவிடாமல் அடித்தார். பரிசாக 1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் அவர் கையில். குத்தகை ஆண்டுக்கு 5 லட்சம்.

மனுஷன் உழைத்தார். கோயில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். பூலித்தேவரின் கோட்டைகளை 1761-ல் பிடித்தவரும் அவரே. நெல்லைச் சீமையில் அவரைப் பாராட்டிப் பேசினால் அடி விழும், ஜாக்கிரதை!

சிக்கல் அதே வருஷம் வந்தது. "இன்னும் நாலு வருஷம் கொடுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன்" என்றார். மறுத்துவிட்டார்கள். வசூல் நன்றாக இருந்தால் மேலே இருப்பவருக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஆற்காடு நவாப் முகமது அலிக்குப் பயம் வந்தது. கம்பெனியோ, "நீ எங்கள் ஆள் இல்லை, நவாபின் ஆள்" என்று கைகழுவியது. சண்டைக்குக் கூப்பிட்டது ஒருவர், சலாம் போடச் சொன்னது இன்னொருவருக்கு!

எங்கள் ஆபீசில் ஒரு சூப்பரின்டெண்ட் இருந்தார். இரண்டு அதிகாரிகள் ஒரே ஃபைலில் இரண்டு விதமாக எழுத, இவர் ஒருவர் சொன்னபடி செய்தார். மற்றவர் சஸ்பெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அவர் காசில் வருஷக்கணக்காக டீ குடித்தவர்கள் அன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடப்போனது நானும் பியூனும்தான். பஸ் கிளம்பும்போது சொன்னார்: "வேலை சரியா தப்பான்னு யாருமே கேக்கலை தம்பி. யாருக்காகச் செஞ்சேன்னுதான் கேட்டாங்க."

கான் சாகிப் பஸ் ஏறவில்லை. 1763-ல் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டு எதிர்த்து நின்றார். முதல் முற்றுகை அந்த வருஷக் கடைசியில் வெறுங்கையோடு திரும்பியது. மறுபடி வந்தார்கள். பீரங்கியால் முடியாததைப் பசி செய்தது. உள்ளே தானியம் தீர்ந்ததும் விசுவாசமும் தீர்ந்தது. 1764 அக்டோபர் 13, தொழுகையில் இருந்தவரை திவான் சீனிவாச ராவும், பாபா சாகிபும், பிரெஞ்சுக்காரர் மார்ஷாந்தும் சேர்ந்து பிடித்துக் கட்டினார்கள். அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள்! அக்டோபர் 15 அன்று தூக்கு. விசாரணை, விளக்கம் கேட்கும் மெமோ எதுவும் கிடையாது. கயிறு இரண்டு முறை அறுந்தது என்று சொல்வார்கள். கயிற்றுக்கு இருந்த தயக்கம்கூட மனிதர்களுக்கு இல்லை.

தூக்கில் போட்ட நவாபின் பெயரில் சென்னையில் வாலாஜா சாலை. தொங்கியவர் பெயரில் மதுரையில் கான்சா மேட்டுத் தெரு. இரண்டிலும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறோம். யார் பெயர் என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?