லோனோட ஒட்டிக்கிட்டு வந்த இன்சூரன்ஸ்

பர்சனல் லோன் எடுத்தவங்க ஒரு நிமிஷம் இதைப் படிங்க.

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க, பொண்ணு காலேஜ் ஃபீஸுக்காக 4 லட்சம் லோன் வாங்கினாங்க. அக்கவுண்ட்ல விழுந்ததுல 14,160 ரூபாய் குறையுது. கேட்டா, "லோன் இன்சூரன்ஸ், கட்டாயம்"னாங்களாம். கட்டாயமெல்லாம் இல்லை. லோன்லயே பிடிச்சதால அந்தப் பணத்துக்கும் சேர்த்து 5 வருஷம் வட்டி கட்டணும்.

நைட் டியூட்டில பாலிசி பேப்பரை வாங்கிப் பார்த்தேன். "சர்க்கரை நோய் உண்டா?" "இல்லை."

சிஸ்டருக்கு 8 வருஷமா சுகர். மெட்ஃபார்மின் எழுதிக் கொடுக்கறதே நான்தான். யாரும் அவங்களைக் கேட்கவே இல்லை, ஓடிபி மட்டும் வாங்கியிருக்காங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த ஒரு "இல்லை"யைக் காட்டியே க்ளெய்மை மறுக்கலாம். (விளக்கம் சொல்லாம ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினா எங்களைச் சும்மா விடுவீங்களா?)

பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் 'ஃப்ரீ லுக்'. வேண்டாம்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க, பேங்குக்கும் காப்பி வைங்க. முத்திரைக் கட்டணம், கவர் இருந்த நாட்களுக்கான பிரீமியம் மாதிரி சிலது கழிச்சு மீதி திரும்பி வரும். சிஸ்டருக்கு அன்னிக்கு 19-வது நாள்.

30 நாள் தாண்டிடுச்சா? கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க, 'பீமா பரோசா' தளத்திலும் பதிவு பண்ணுங்க. ஒரு மாசத்துல சரியான பதில் இல்லேன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

"இதை கேன்சல் பண்ணா லோனும் கேன்சல்"னு ஒரு தம்பி போன்ல மிரட்டினார். "எழுத்துல கொடுங்க தம்பி"ன்னாங்க சிஸ்டர். அப்புறம் போன் வரல, பணம்தான் வந்துச்சு.