புல்லை எண்ணுகிறவர்கள்

வால்பாறைக்கு மேலே அக்காமலைப் புல்மலையில் காலைக் காற்று ஆளையே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, மண்டியிட்டுப் புல்லை எண்ணுகிறது ஒரு சிறு குழு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சதுரச் சட்டம் தரையில் கிடக்கிறது. அதற்குள் எத்தனை வகைப் புல், எது எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது, எது பூத்திருக்கிறது, எது கடிபட்டிருக்கிறது என்று ஒருவர் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். பிறகு சட்டம் அடுத்த இடத்துக்கு நகர்கிறது. நாள் முழுக்க இதுதான் வேலை.

கிளாம்பாக்கத்தில் இரவுப் பேருந்து ஏறி, பொள்ளாச்சி வழியாக ஆழியாற்றின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்தவர்கள் இவர்கள். எங்கள் பெருங்களத்தூர், தாம்பரம் பக்கத்துத் தாவரவியல் மாணவர்கள். வனத்துறை அனுமதியோடு நானும் உடன் சென்றேன். வழிகாட்டியாக வந்தவர் முதுவர் இனத்தைச் சேர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர். மாணவர்களுக்கு அவர் 'அண்ணன்'.

பூவோடு கிடைத்த செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி பழைய செய்தித்தாளுக்குள் விரித்து வைக்கிறார்கள். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து வாரால் இறுக்குகிறார்கள். ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்ற வேண்டும். ஒருநாள் தவறினாலும் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும் என்பதால், நிறத்தை அங்கேயே எழுதிக்கொள்கிறார்கள்.

ஒரு சட்டத்துக்குள் புல்லின் நுனிகள் கடிபட்டிருந்தன. காவலர் குனிந்து ஒரு புல்தாளைக் கிள்ளிக் காட்டினார். "முயல் கடிச்சா கத்தி வச்ச மாதிரி சாய்வா வெட்டியிருக்கும் தம்பி. இது பிஞ்சிருக்கு பாருங்க. ஆட்டுக்கும் மானுக்கும் மேல்வரிசையில முன்பல்லு கிடையாது, இழுத்துப் பிச்சுத்தான் தின்னும். எதுன்னு புழுக்கையப் பார்த்தாத்தான் தெரியும்." பக்கத்துப் பாறையில் புழுக்கை இருந்தது. வரையாடு.

சற்று நேரத்தில் சீழ்க்கை போல ஒரு கூர்மையான ஒலி. "அசையாதீங்க" என்றார் காவலர். மேலே பாறை விளிம்பில் பெட்டைகள், இரண்டு குட்டிகள். சற்றுத் தள்ளி ஒரு கிழட்டுக் கிடா. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறப் பட்டை. கால் வைக்க இடமே இல்லையென்று நாம் நினைக்கும் சரிவில் குட்டிகள் ஓடி இறங்கின. எல்லாம் எங்களைப் பார்த்தன, பிறகு மேய்ந்தன. மாணவி ஒருத்தி அவை எந்தப் புல்லில் வாய் வைக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பு என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. பார்வைக்கு வெள்ளாடு போலிருந்தாலும் மரபணுப்படி செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005ஆம் ஆண்டு ஆய்வில் தெரியவந்து, தனிப் பேரினமாகவே பிரிக்கப்பட்டது. 1975இல் வரையாடுகளைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2023இல் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031, 2025இல் 1,303.

இந்த எண் உயர வேண்டுமானால் புல்வெளி இருக்க வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்ட வாட்டில் மரங்கள் பெரும் புல்வெளிகளைத் தின்றுவிட்டன. மரத்தை அகற்றினால் மட்டும் போதாது. அங்கே முன்பு என்ன புல் இருந்தது என்று தெரிந்தால்தான் அதை மீண்டும் வளர்க்க முடியும். அதைச் சொல்பவை, இப்படி உலர்த்திய செடிகளை ஒட்டிவைக்கும் உலர்தாவரத் தாள்கள். கோவையில் உள்ள சென்னை உலர்தாவரகத்தில் நூறாண்டுக்கு முந்தைய தாள்களும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்றும் மாணவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

செடி சேகரிக்கும் இந்த வேலைக்கும் தாம்பரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓயாமல் செடி சேகரித்தவர். அரிசேமா பார்னேசி என்ற மலைச்செடி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த வளாகத்தின் புதர்க்காடு, ரயிலிலிருந்து இறங்கி நடந்துபோகும் தூரத்தில் இன்றும் செடி படிக்கும் பள்ளியாக நிற்கிறது.

வரையாட்டைப் படம் எடுக்க ஆயிரம் பேர் மலையேறுகிறார்கள். அது தின்னும் புல்லுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே. தாவர வகைப்பாடு படிக்க வரும் பிள்ளைகளைக் கல்லூரிகள் கைவிடக்கூடாது. புல்லும் விலங்கும் அறிந்த மலைவாழ் காவலர்களின் பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெற வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை செடி பார்க்கப் போகிறேன் என்றால், தடுக்காமல் அனுப்பிவையுங்கள்.