ஷட்டரும் ஸ்பிரிங்கும், கொஞ்சம் கணக்கும்

ஷட்டர் ரிப்பேரைப் பற்றியெல்லாம் எழுத என்னய்யா இருக்கிறது என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டு கார் ஷெட்டில் ரோலிங் ஷட்டர் இருந்தால், இருக்கிறது.

அந்த ஷட்டர் முழுக்க இரும்புப் பட்டை. மொத்தமாகக் கழற்றித் தரையில் போட்டால் ஒரு ஆளால் தூக்க முடியாது. ஆனால் எங்கள் அம்மா ஒரு கையில் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தள்ளி விடுவார். சர்ரென்று மேலே போய்விடும். எப்படி? மேலே தகர மூடிக்குள் ஒரு பைப் இருக்கிறது. இரண்டு முனையிலும் யூ கிளாம்ப் போட்டு அதை அசையாமல் பிடித்து வைத்திருப்பார்கள். அதன் மேல் சுற்றுகிற உருளையில்தான் ஷட்டர் தொங்குகிறது. சுருள் ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில், மறு முனை உருளையில். ஷட்டரை இறக்க இறக்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்குதான் பாரத்தைத் தூக்குகிறது. நாம் சும்மா கை வைக்கிறோம், அவ்வளவுதான்.

பி.காம் படிக்கிறவன் பாஷையில் சொன்னால் இது ஒரு சேமிப்புக் கணக்கு. இறக்கும்போது போடுகிறோம், ஏற்றும்போது எடுக்கிறோம். மூடின ஷட்டரில்தான் பேலன்ஸ் அதிகம். முக்கியமான விஷயம், ஷட்டர் அடிபட்டு நெளிந்து போனாலும் அந்த பேலன்ஸ் எங்கேயும் போவதில்லை. உள்ளேயே இருக்கும்.

போன மாதம் தண்ணீர் கேன் வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் ஷட்டரில் இடித்துவிட்டது. கீழே மூன்று பட்டை உள்வாங்கி, இடது ஓரம் சேனலை விட்டு வெளியே வந்துவிட்டது. இடுப்பு உயரத்தில் கோணலாக நின்றுகொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்பாவின் பைக் உள்ளே.

அப்பா ஏணியைப் போட்டு, ஸ்பேனரோடு ஏறிவிட்டார். அந்த யூ கிளாம்பைக் கழற்றினால் பைப்போடு மொத்தத்தையும் இறக்கிவிடலாமாம். "ஆளைக் கூப்பிடலாம்பா" என்றேன். "பத்து வருஷமா இதை ஏத்தி இறக்கறவன் நான். எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப் போகுது?" என்றார். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருந்தார்.

நான் ஏணியை விட்டு நகரவில்லை. அம்மா வந்து, "இறங்குங்க முதல்ல" என்று போட்ட சத்தத்தில் இறங்கினார்.

சாயங்காலம் ஷட்டர் வேலை செய்கிற அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையனோடு வந்தார். எடுத்த எடுப்பில் சொன்னது, "யாரும் அடியில நிக்காதீங்க." ஷட்டருக்குக் கீழே இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். நெளிந்த பட்டைகளைத் தட்டி ஓரளவு நேராக்கி, ஓரத்தைச் சேனலுக்குள் தள்ளி, மெதுவாக மேலே சுருட்டி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டினார். நீளப் பிடி வைத்த பைப் ரென்ச்சால் பையன் பைப்பை இறுகப் பிடித்துக்கொள்ள, கிளாம்பைத் தளர்த்தி, முறுக்கைச் சுற்றுச் சுற்றாக இறக்கினார்கள். ஷட்டர் கீழே வந்தது அதற்குப் பிறகுதான். வளைந்த பட்டைகளைப் பக்கவாட்டில் உருவிவிட்டுப் புதியதைக் கோத்தார்.

"இதைச் சும்மா கழட்டியிருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பைப் விர்ருனு சுத்தும் தம்பி. ஸ்பேனர் உங்க கையில இருக்கும், கை எங்க இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் கேரேஜ் கதவு வேறு மாதிரி. பலகை பலகையாக மடங்கி, கூரை ஓரமாகப் படுத்துக்கொள்ளும். அங்கேயும் பாரத்தைத் தூக்குவது ஸ்பிரிங்தான். சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 முறை திறந்து மூடுவது வரை ஆயுள் என்று கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருஷம்கூட வராது. மோட்டார் கதவுக்கு அடியில் குழந்தைகள் மாட்டி இறந்ததால், 1993 முதல் தயாராகிற வீட்டு மோட்டார்களில் ஆள் சிக்காமல் தடுக்கிற ஏற்பாடு அங்கே கட்டாயம். ஸ்பிரிங் உடைந்த கதவு மேலே நிற்கும்போது, மோட்டாரை விடுவிக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்தால் முழுப் பாரமும் தலையில்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? சேனலில் சேருகிற மண்ணையும் குப்பையையும் துடைக்கலாம். கொஞ்சமாக எண்ணெய் விடலாம். சேனலைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட் ஆடுகிறதா என்று பார்க்கலாம். பாதியில் விட்ட ஷட்டர் தானாகத் தடதடவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிபட்டுவிட்டால் ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அப்படியே விட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், மோட்டார் இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். மேலே அந்த மூடிக்குள் இருக்கும் எதிலும் கை வைக்க வேண்டாம்.

மொத்தச் செலவு 2,800 ரூபாய். அப்பா பேரம் பேசாமல் கொடுத்தார். நான் பார்த்து அவர் பேரம் பேசாத ஒரே நாள் அதுதான்.

உங்கள் வீட்டு ஷட்டர் கோணலாக நின்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் போனை எடுங்கள் மக்களே. அவ்வளவுதான் சேதி.