ஊர் எது என்று கேட்ட ஆச்சி

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. 'தாத்தாவுக்குக் காது மந்தம்' என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். காது நன்றாகத்தான் இருக்கிறது. வாய்தான் இப்போது கொஞ்சம் சொல்பேச்சுக் கேட்கிறது.

பதினெட்டு வயதில் அப்படியில்லை. 1972 என்று நினைக்கிறேன். ஆடித் திருவிழாவுக்கு மொனராகலையிலிருந்து அப்பாவோடு கதிர்காமத்துக்கு பஸ் ஏறினேன். அப்பா இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நானோ பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மடிப்புக் கலையாத நீளக் காற்சட்டை வேறு. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சிங்கள ஆச்சி கேட்டார்: "கம கொஹெத, புதே?" ஊர் எது மகனே என்று.

எனக்குச் சுருக்கென்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று எங்களைப் பாகம் பிரித்தது. அப்பாவின் விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. இப்படி இருக்கிறவனிடம் ஊர் எது என்றால்? குத்திக்காட்டத்தான் கேட்கிறாள் என்று நானாகவே தீர்ப்பு எழுதிவிட்டேன். "பதுளை டவுன்" என்று ஒரு பொய்யை வீசிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆச்சியின் பார்வை அப்பாவின் விரல்களுக்குப் போனது. பால் கறை ஏறிக் கறுத்த விரல்கள். அவர் மகனும் வீட்டுப் பக்கத்தில் நாலு மரம் வைத்துப் பால் வெட்டுகிறானாம். அவ்வளவுதான். பாதிச் சிங்களம், பாதித் தமிழ், மீதி கைச்சாடை. மழை வந்தால் வெட்டு நின்று வயிறு காய்வது வரை பேசித் தீர்த்தார்கள். இடையில் ஆச்சி வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பால்சோறு கொடுத்தார். முதல் துண்டு 'பதுளை டவுன்' பையனுக்கு! வெட்கத்தோடுதான் தின்றேன். ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. சில நாள் கழித்து, விடியற்காலையில் மரத்தடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "பட்டையோட கத்தி நிக்கணும்டா. மரத்துல பட்டா புண்ணாயிரும். அந்த எடத்துல அப்புறம் பட்டை ஒழுங்கா வளராது." மரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, தோட்டத்துக்குக் கீழே இருக்கும் பன்சலையின், அதாவது பௌத்த விகாரையின், பெரிய ஹாமுதுருவோடு (பிக்குவோடு) பழக்கம் ஏற்பட்டது. தியானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'சிஹிய' என்பார். விழிப்போடு இருப்பதும் அதுதான், ஞாபகமும் அதுதானாம். யோசித்தால் நம் 'நினைவு' என்ற சொல்லும் அப்படித்தான். மயங்கி விழுந்தவனுக்கு நினைவு தப்பியது என்கிறோம். பாட்டன் பூட்டனை எண்ணுவதையும் நினைவு என்கிறோம். அன்று பஸ்ஸில் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தப்பியிருந்தன. எதிரில் இருந்தவரையும் பார்க்கவில்லை, என் வேரையும் மறைத்தேன்.

இளக்காரமாகக் கேட்டவர்களும் உண்டு. ஒரு அலுவலகத்தில், முகவரியில் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் உதடு சுழித்தார் ஒருவர். இளவயதாயிருந்தால் கத்திவிட்டுப் படிவம் இல்லாமலே திரும்பியிருப்பேன். அன்று ஒரு மூச்சு பொறுத்தேன். தோட்டத்தின் பெயரை இன்னொரு முறை தெளிவாகச் சொன்னேன். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழிதான் என்பதை நினைவூட்டி, தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். பொறுமை என்றால் பணிந்து போவதில்லை. கத்தியைப் பட்டையோடு நிறுத்துவது.

மலையகத்துக்கு 200 ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, முன்னோர் வந்த வழியில், அதில் என் பேத்தியும் கொஞ்ச தூரம் நடந்தாள். என் முழங்கால் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்தவளிடம் கேட்டேன்: "வழியில யாராவது ஊர் எதுன்னு கேட்டாங்களா?"

"நிறையப் பேர் கேட்டாங்க தாத்தா. மொனராகலைன்னேன், தோட்டத்துப் பேரையும் சொன்னேன். அதுக்கென்ன?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காது மந்தம் என்று நினைத்திருப்பாள்.